மண் போட்டு மூடிய வெடிப்பு

ஒரு கோடையில் என் வெள்ளாட்டுக்குக் கால் முறிந்தது. வெயிலில் பிளந்த கரிசல் மண் வெடிப்புக்குள் முன்னங்கால் இறங்கி மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எங்கே வெடிப்பைப் பார்த்தாலும் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி, மண்ணைத் தள்ளி, மிதித்து மூடிவிடுவேன். பள்ளிக்கூடம் போகாதவன் நான். கைக்குத் தெரிந்ததுதான் எனக்குத் தெரிந்தது.

போன ஆனியில் தம்பியைக் கூட்டி வருவதற்காக, பசுவந்தனைக்குத் தெற்கே இருக்கிற ஒரு தியானப் பண்ணைக்குப் போனேன். அவன் மகன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்திருந்தான். கல்யாணம் பேசி முடித்திருந்த பிள்ளை. துக்க வீட்டில், ஊரார் முன்னால், தம்பியிடம் நான் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன்: "காலையில நீ அவன வையாம இருந்தா, அவன் அம்புட்டு வேகமா போயிருப்பானா லே?"

அதற்கப்புறம் அவன் யாரிடமும் பேசவில்லை. மாசியில் பண்ணைக்குப் போனவன், ஆனி பிறந்தும் திரும்பவில்லை. சொன்ன சொல்லுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே எனக்கு நினைப்பாக இருந்தது.

பண்ணையில் முப்பது பேர் காய்ந்த பருத்திமார் குச்சிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இத்தனை பேர் காட்டு வேலைக்கு இறங்கினால் வசவும் சிரிப்பும் ரோடு வரை கேட்கும். இங்கே வேர் அறுபடுகிற சத்தம் மட்டும்தான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பண்ணையை நடத்துகிற அம்மா முன்பு நர்ஸாக இருந்தவராம். மோர் கொடுத்தார்.

"தம்பிகிட்ட பேசணும் தாயி."

"அவிய பேச மாட்டாவ அண்ணாச்சி. இங்கன ஆளுக்கொரு வெடிப்பு. மனசுல உள்ளத அதுக்குள்ள சொல்லுவாவ. மழை பெஞ்சு அது மூடுத வரைக்கும் மனுசர்ட்ட பேச்சு கெடையாது. மூடிட்டுன்னா வீட்டுக்குப் போயிரணும்."

"கோடை மழைதான் ஏமாத்திட்டே. இனியும் பெய்யலன்னா?"

"இருக்க வேண்டியதுதான்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வந்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு மண்வெட்டியை நீட்டினார்.

தம்பி கிழக்குக் கடைசியில் குப்புறப் படுத்திருந்தான். வாய் வெடிப்பின் மேல் இருந்தது. உதடு அசைந்தது. பிறகு தலையைத் திருப்பிக் காதை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, பதில் கிடைத்தவன் மாதிரி தலையாட்டினான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"ஏலே, ஒம் பொண்டாட்டி காராச்சேவு குடுத்துவிட்டுருக்கா. முப்பது வருசமா அவள வாயத் தொறக்க விடாதவன் இப்ப மௌனச் சாமியாரான்னு கேக்கா."

எழுந்து உட்கார்ந்தான். தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்புலே."

சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போய்விட்டான்.

நான் மட்டும் அந்த வெடிப்பருகே நின்றேன். கை நுழைகிற அகலம், உள்ளே இருட்டு. வெளியில் காற்றே இல்லை. குனிந்தபோது வெடிப்பிலிருந்து சூடாக, விட்டு விட்டு, முகத்தில் மூச்சு பட்டது. காது வைக்கத் தைரியம் வரவில்லை. மண்வெட்டி கையில் இருந்தது. நாலு வெட்டு. தள்ளினேன், மிதித்தேன். நிமிர்ந்தபோதுதான் செய்தது உறைத்தது. ஆட்டுக்காகப் பழகிய கை செய்ததா, நான் செய்தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டுக் கொட்டகையில் முப்பது பேரும் எழுந்து நின்று என்னையே பார்த்தார்கள். தம்பி நடந்து வந்தான். மிதித்த மண்ணில் உள்ளங்கையை வைத்தான்.

"எம் மவன் பேசிட்டு இருந்தாண்ணே," என்றான். குரல் மண் அரைபடுவது போல இருந்தது. "பாதியில மூடிட்டிய."

வெடிப்பு மூடிவிட்டதால், அங்குள்ள முறைப்படி அன்றைக்கே கிளம்பிவிட்டான். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். எட்டயபுரம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்னலே சொன்னான்?"

"ஒங்களப் பத்தித்தான் சொல்ல ஆரம்பிச்சான்."

அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

இப்போது தம்பி கடைக்குப் போகிறான், பொண்டாட்டியை வைகிறான். இந்தப் பங்குனியில் எங்கள் காட்டிலும் வெடிப்பு விழுந்துவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவன் கொஞ்ச நேரம் நிற்கிறான். நான் எதையும் மூடுவதில்லை; ஆடுகளைக் காட்டுக்குள் விடுவதுமில்லை. வீட்டிலேயே கட்டிப்போட்டுக் குழை தழை வெட்டிப் போடுகிறேன்.