ஸ்கோர் கேட்ட கலியபெருமாள்

1. டை கட்டி வந்த டாக்டர்

டாக்டர் நூருல் அமீன் என்னிடம் போஸ்டிங்குக்கு வந்த முதல் நாளே கபடி கிரவுண்டுக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு வயல். அறுப்பு முடிந்து, தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பாலிஷ் போட்ட ஷூ சேற்றில் புதைய, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றேன்.

சுற்றி நின்ற விளையாட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் ஏதோ பதில் சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. மனிதர் பேசுவதே அப்படித்தான். சட்டைப் பாக்கெட்டுக்குள் பேசுவார்.

"சத்தமா பேசுப்பா. பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல. கிரவுண்டு நடுவுல விழுந்து கெடக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்?"

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தஞ்சாவூரில் எலும்பு முறிவு டாக்டராக இருந்தவள் நான். விளையாட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கிளினிக் ஆரம்பித்து, இளம் டாக்டர்களுக்கு அதில் சுழற்சி முறையில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஸ்போர்ட்ஸ் மெடிசின்" என்று சொன்னால், "அது என்ன டானிக் டாக்டரம்மா, குடிச்சா நல்லா ஓடலாமா?" என்று கேட்ட காலம். வருகிற பிள்ளைகளுக்கும் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. எல்லோர் கண்ணும் இங்கிலாந்துப் பரீட்சையில், இல்லாவிட்டால் துபாயில். நூருலின் அத்தாவுக்கு நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடை. அண்ணன்கள் இரண்டு பேரும் வளைகுடாவில். என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு அவர் ஒளிக்கவில்லை.

"உங்க போஸ்டிங்ல வேலை கம்மின்னு சொன்னாங்க மேடம். பரீட்சைக்குப் படிக்கலாம்னு வந்தேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் அந்த நேர்மை பிடித்துப்போனது. தலையில் அடித்துக்கொண்டு, டையைக் கழற்றி ஐஸ் பெட்டிக்குள் போடச் சொன்னேன்.

2. நடுவில் ஒரு நாற்காலி

என் பயிற்சியில் சட்டம் இரண்டுதான். ஒன்று கிரவுண்டுக்கு, ஒன்று வகுப்புக்கு.

கிரவுண்டில் அன்றைக்கு யாருக்கு போஸ்டிங்கோ அவர்தான் டாக்டர். நான் வாய் திறக்க மாட்டேன். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன், அவ்வளவுதான். பெரிய டாக்டர் பக்கத்தில் இருந்தால் இந்தப் பிள்ளைகள் நோயாளியைப் பார்க்காமல் பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்தே வைத்தியம் செய்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கு ஆகாது.

வகுப்பு புதன்கிழமை மத்தியானம். நடுவில் ஒரு நாற்காலி போட்டு அடிபட்டவரை அதில் உட்கார வைப்பேன். அவர்தான் முதலில் பேச வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் பேசுகிற அத்தனையும் தமிழில்தான், அவர் காதுபடத்தான். மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் இதற்கு "பஞ்சாயத்து" என்று பேர் வைத்தார்கள். "மெனிஸ்கஸுக்குத் தமிழ்ல என்ன மேடம்?" என்று ஒரு பெண் டாக்டர் முனகினார்.

"உங்க ஊர்ல ஜவ்வுன்னுதானே சொல்றாங்க? நீயும் ஜவ்வுன்னே சொல்லு. யாரு முட்டிம்மா கிழிஞ்சிருக்கு, உன் முட்டியா, அவரு முட்டியா?"

அந்த நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவர் கலியபெருமாள். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். வீட்டில் எல்லோரும் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். கலியபெருமாள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், கபடியில் அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கிய ரைடர். முட்டி ஜவ்வு கிழிந்து எங்களிடம் வந்தார். புதன்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். அவருடைய கேஸ் முடிந்த பிறகும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் கேஸையும் கேட்பார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு டாக்டரம்மா" என்பார். பஸ் என்னமோ ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டேதான் இருந்தது.

நூருல்தான் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துத் திரும்ப ஓட வைத்தவர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இவர் சொல்வது அவருக்கு மட்டும் எப்படியோ கேட்டது.

3. திருத்துறைப்பூண்டி ஃபைனல்

அந்தத் தை மாதம் திருத்துறைப்பூண்டியில் டோர்னமென்ட். ஃபைனலில் கலியபெருமாளின் டீமும் நாகப்பட்டினம் டீமும். போஸ்டிங் நூருலுக்கு.

ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துக்கொண்டிருந்த காலம் அது. கலியபெருமாளுக்கு ஷார்ஜாவில் இருந்த மச்சான் விசா அனுப்பியிருந்தார். மேட்ச் தொடங்கும் முன் கலியபெருமாள் எங்களிடம் வந்தார்.

"எனக்குப் போக மனசே இல்ல டாக்டரம்மா. இன்னைக்கு செலக்ட் ஆயிட்டா பாஸ்போர்ட்டப் பெட்டியில போட்டுப் பூட்டிருவேன். இல்லேன்னா ஏறிட வேண்டியதுதான்."

"முட்டிய நம்புங்க. நான் கேரண்டி" என்றார் நூருல். அன்றைக்கு அது எனக்கே கேட்டது.

முட்டி நன்றாகத்தான் இருந்தது. ஒரு ரெய்டுக்கு இரண்டு பேர் என்று அடித்துவிட்டு வந்தார். மைக்கில் ஒருவர் "கலியன்! கலியன்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பாதி ஆட்டம் தாண்டிய பிறகு நாகப்பட்டினம் ஆட்கள் அவரைச் சேர்ந்து அமுக்கினார்கள், ஆனாலும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார். விழும்போது ஒருவருடைய முழங்கால் அவருடைய பொட்டில் இடித்தது. கீழே கிடந்தவர் தானாகவே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டினார். ஓடிப்போன நூருலிடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். எங்கள் டீம் முன்னிலையில் இருந்தது. அடுத்த ரெய்டும் அவருக்குத்தான்.

கோட்டைத் தாண்டிப் போனார். "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே போனார்.

அம்பயர் விசில் அடித்தார். விதிப்படி "கபடி கபடி" என்றுதான் பாட வேண்டும். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நம்ம கலியன் சின்ன வயசு ஞாபகத்துல சடுகுடு பாடுறாருங்கோ!" என்று மைக் பிடித்தவர் எடுத்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காதவர் நூருல் ஒருவர்தான். எழுந்து நேரே கிரவுண்டுக்குள் நடந்தார்.

தலையில் அடிபட்டவரிடம் பேரைக் கேட்காதே, ஊரைக் கேட்காதே, அது மயக்கத்திலும் வாயில் வரும், ஆட்டத்தைக் கேள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அதையே கேட்டார்.

"கலியபெருமாள், இது எந்த ஊர் கிரவுண்டு?"

"மன்னார்குடி."

"ஸ்கோர் என்ன?"

கலியபெருமாள் சுற்றிலும் பார்த்தார். பிறகு நூருலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கோர் என்ன?" என்று திருப்பிக் கேட்டார்.

நூருல் அம்பயரைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே காட்டினார். ஆள் வெளியே என்று அர்த்தம்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டாம். "ஏய், டாக்டரு நாகப்பட்டினத்துக்காரருடா! அதான் தூக்குறாரு!" என்று ஒருவர் கத்த, அது கூட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டது. தண்ணீர்ப் பாக்கெட் பறந்து வந்து நூருலின் முதுகில் வெடித்தது. டீம் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் எந்திரிச்சு நிக்கிறான், நடக்கிறான். செலக்ஷனுக்கு ஆளு வந்து உக்காந்திருக்காங்க. இன்னும் நாலு ரெய்டு போனாப் போதும், பய பொழச்சுக்குவான்."

அந்த வேலை கலியபெருமாளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவரைவிட நான் ஆசைப்பட்டேன். நூருல் தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

"இன்னைக்கு டாக்டர் அவருதாங்க. நான் ஐஸ் பெட்டி" என்றேன்.

கலியபெருமாளை என் அம்பாசிடர் காரில் ஏற்றினோம். நூருல் அவருடைய தலையைத் தாங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். தஞ்சாவூர் வரைக்கும் ஒரே கேள்விதான்.

"டாக்டர், ஸ்கோர் என்ன?"

"பதினெட்டுக்குப் பதினாறு. நம்ம டீம் லீடிங்."

அடுத்த ஊர் வந்தது. "டாக்டர், ஸ்கோர் என்ன?"

"பதினெட்டுக்குப் பதினாறு. நம்ம டீம் லீடிங்."

இதற்கு முன் கேட்டதே இல்லை என்பதுபோல் ஒவ்வொரு தடவையும் அதே நிதானம், அதே சிரிப்பு. சலிப்பு ஒரு துளி இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாங்கள் வண்டியை எடுக்கும்போதே மேட்ச் முடிந்து, டீம் தோற்று, நாகப்பட்டினம் ஆட்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு ஆடியதை எல்லோரும்தான் பார்த்தோம்.

"ஏம்ப்பா பொய் சொல்றே? தோத்துட்டாங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"மறந்து மறந்து கேக்கிறாரு மேடம். தோத்துட்டாங்கன்னு சொன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா தோப்பாரு."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அழுதேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

4. நார்மல்

ஸ்கேன் நார்மல் என்று வந்தது. மறுநாள் கலியபெருமாள் தெளிவாக எழுந்து உட்கார்ந்தார். ஃபைனல் மட்டும் அவர் ஞாபகத்திலிருந்து துடைத்துப்போயிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாகப்பட்டினம் டீமிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

செயலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து சத்தம் போட்டார். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாமே! ஒரு பையன் பொழப்பக் கெடுத்துட்டீங்களே!" நூருல் சுவரோரம் நின்றார். பிறகு என் அறைக்கு வந்து, "ஸ்கேன் நார்மல் மேடம். அவரு விளையாடியிருக்கலாமோ?" என்று கேட்டார்.

"நார்மலா இருக்கணும்னுதானேப்பா வெளியில கூட்டிட்டு வந்தே?" என்று கத்தினேன். அதுதான் சரியான பதில். ஆனால் சரியான பதில் ஆறுதலாக இருப்பதில்லை. அடுத்த புதன்கிழமை கலியபெருமாளையே நாற்காலியில் உட்கார வைத்து, என்ன நடந்தது, எதை வைத்துச் சந்தேகப்பட்டோம், எதைக் கேட்டோம், காரில் வழி முழுக்க அவர் திரும்பத் திரும்ப என்ன கேட்டார், ஏன் அன்றைக்கே திரும்ப விளையாட விடக் கூடாது என்று நூருலை விளக்கச் சொன்னேன். முழுக்கத் தமிழில். கலியபெருமாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கோபப்படவில்லை. போகும்போது நூருலின் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாசியில் கலியபெருமாள் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அடுத்த வருஷம் நூருல் இங்கிலாந்துக்கு. அங்கே ஃபுட்பால் மைதானங்களில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். போனில் பேசும்போதெல்லாம் கடைசியில், "கலியபெருமாள் எப்படி இருக்காரு மேடம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதாசிகூட வந்ததில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு புதன்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் வாசலில் ஒருவர் நின்றார். கொஞ்சம் தொந்தி, கையில் கோடாலித் தைலமும் சென்ட் பாட்டிலும் போட்ட பை. கலியபெருமாள்! நேரே வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். என் வகுப்பின் சட்டம் அவருக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை லீவுல நம்மாளுங்க அங்க மணல்ல கபடி ஆடுவாங்க டாக்டரம்மா. நான்தான் அம்பயர். போன வருஷம் பூம்புகார் தம்பி ஒருத்தன் தலையில அடி வாங்கினான். எந்திரிச்சு ஒண்ணுமில்லன்னான். நான் விடல. ஸ்கோர் என்னடான்னு கேட்டேன். முழிச்சான். ஆட்டத்த நிறுத்தி டாக்ஸி புடிச்சேன். எல்லாப் பயலும் என்னைத் திட்டினானுங்க. இவன் என்ன பெரிய டாக்டரான்னு."

"அப்புறம்?"

"ஸ்கேன் எடுத்தா, மண்டைக்குள்ள ரத்தம். உடனே ஆபரேஷன். இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடியிருந்தா ஆளே இல்லன்னாங்க. இப்ப ஊருக்கு வந்துட்டான், மீன் புடிக்க போட்டுல போறான். நேத்துப் போயிப் பாத்துட்டுத்தான் வரேன். இத நூருல் டாக்டர்கிட்ட சொல்லணும் டாக்டரம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தேன், யார் யார் படித்தார்கள் என்பது எனக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பாடம் எடுக்கிற இளைய டாக்டர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். நோயாளிக்குப் புரிகிற மொழியில் பேசுங்கள். அவரும் உங்கள் மாணவர்.

இங்கிலாந்துக்கு போன் போட்டேன். நூருல் எடுத்தார். அதே பாக்கெட் குரல். விஷயத்தை நானே சொன்னேன். "இந்தத் தடவை ஸ்கேன் நார்மல் இல்லப்பா" என்றேன். மீதியை அவரே சொல்லட்டும் என்று ரிசீவரைக் கலியபெருமாளிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டர், ஸ்கோர் என்ன?"

ரிசீவரைத் தாண்டி, அறை முழுக்கக் கேட்டது.

"பதினெட்டுக்குப் பதினாறு! நம்ம டீம் லீடிங்!"