பாகம் பிரித்த ஃபைல்

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் தேங்காய் உரிக்கும் மெஷின் செய்கிறோம். முதலாளிகள் இருவர், அண்ணனும் தம்பியும். போன வருடம் பாகம் பிரித்துக்கொண்டார்கள். லேத்துகளைப் பிரித்தார்கள், வேன்களைப் பிரித்தார்கள், டீ வாங்கி வரும் தூக்குப்போசி யாருக்கு என்றுகூடப் பேச்சு நடந்தது. மெஷினின் டிசைனை மட்டும் வெட்டிப் பங்கு போட முடியவில்லை. ஆளுக்கொரு பிரதி என்று சொந்தக்காரர்கள் முன்னால் முடிவானது.

டிசைன் என்றால் நான் கம்ப்யூட்டரில் வரைந்த அசெம்பிளி. உருளை, கியர், சட்டம், போல்ட் எல்லாம் சேர்ந்த முழு மெஷின். நான் அண்ணனின் பங்கிலேயே இருந்துவிட்டேன். தம்பி தன் புது ஷெட்டுக்கு வேறு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். எங்கள் ஃபைல் அதில் திறக்காது. எல்லா சாஃப்ட்வேரும் படிக்கிற பொது வடிவத்துக்கு, அதாவது ஸ்டெப் ஃபைலாக, மாற்றிக் கொடுத்தாக வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணன் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "கொடுத்த மாதிரியும் இருக்கோணுங்க. அவனுக்கு ஒதவாத மாதிரியும் இருக்கோணுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. தம்பிதான் என்னை வேலைக்கு எடுத்தவர். என் மகள் பிறந்தபோது என் நாற்காலியில் வேறு ஆளை உட்கார விடாமல் பார்த்துக்கொண்டவர். "அது என்னால ஆகாதுங்க" என்றேன். அண்ணன் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஒரு போல்ட் விடாமல் மாற்றினேன். மாற்றிய ஃபைலை நானே மறுபடி திறந்து ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் அளவையும் சரிபார்த்தேன். தம்பி பென்டிரைவை வாங்க வந்தபோது சொல்லவும் செய்தேன். "உருவம் அப்படியே வருமுங்க. ஆனா ஒண்ணோட அளவை மாத்துனா மத்ததெல்லாம் தானா மாறாதுங்க." அவருக்கு அவசரம். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் அம்மணி" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பொது வடிவத்தின் குணமே அதுதான். எங்கள் ஃபைலில் உருளையைப் பெரிதாக்கினால் சட்டமும் கூடவே விரியும். அப்படித்தான் நான் கட்டியிருந்தேன். ஸ்டெப் ஃபைலுக்குள் அந்தக் கட்டு போகாது. சுட்ட தோசையைப் பார்சல் கட்டலாம், அதிலிருந்து மாவை எடுக்க முடியாது.

அடுத்த வாரம் தம்பி போன் செய்தார். உடுமலைப்பேட்டையிலிருந்து ஓர் ஆர்டர். அங்கே காய் சிறிதாம், உருளைகளை நெருக்க வேண்டும். ஒன்றை மாற்றிப் பார்த்தால் மற்றது எதுவும் கூடவே அசையவில்லை.

"எந்தப் பாகத்தைத் தொட்டாலும் இம்போர்ட்டட், வெளிய இருந்து வந்ததுன்னு ஒரே வரிதான் காட்டுதுங்க. நீங்க படிப்படியா வரைஞ்ச வரிசையெல்லாம் எங்க போச்சுங்க? அண்ணன் அழிக்கச் சொன்னாருங்களா?"

"ஐயோ, இல்லீங்க. எந்த சாஃப்ட்வேருக்கு அனுப்புனாலும் இப்படித்தானுங்க போகும். ஞாயித்துக்கெழமை நானே வாரேனுங்க. உங்க சிஸ்டத்துலயே புதுசா வரைஞ்சு தாரேன்."



"வேண்டாங்க மேடம். சம்பளம் குடுக்கறவரு சொன்னா நீங்கதான் என்ன பண்ணுவீங்க."

மேடம். அதற்கு முன் ஒரு நாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு, பக்கத்து மேசையில் ஆள் இருந்ததையும் மறந்து அழுதேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். தம்பி சொந்தக்காரர்களிடம் புலம்பியது அவர் காதுக்கு எட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஒரு டப்பா மைசூர்பாகை என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு ஆகாதுன்னீங்க. செஞ்சுபோட்டீங்களே அம்மணி."

"நான் எதும் செய்யலீங்க. அந்த ஃபைல் சரியாத்தானுங்க இருக்குது."

"ஆமாங்க. யாரு கேட்டாலும் இப்படியே சொல்லுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.