உத்தமபாளையத்து விசில்

நெதர்லாந்தில் எங்களை ஒரு முட்டை ஆள்கிறது. பிளாஸ்டிக் முட்டை. இடுப்பைப் பிடித்து முறுக்கினால் டிக் டிக் என்று ஓடி, குறித்த நிமிடம் ஆனதும் கிர்ரென்று கத்தும். நான் குடியேறிய மாணவர் வீட்டின் சமையலறையில் அது கத்தாமல் எதுவும் வேகாது. பாஸ்தாவுக்கு ஒன்பது நிமிடம், உருளைக்கிழங்குக்கு இருபது. மூடியைத் திறந்து பார்ப்பவரும் இல்லை, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பவரும் இல்லை. அடுப்பில் வைத்துவிட்டு ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றுவிட்டது. வருகிற ஞாயிறு நான் சமைக்க வேண்டும்.

சும்மா சமையல் இல்லை. 2007இல் தோட்டக்கலை மேற்படிப்புக்காக வாஹெனிங்கன் என்ற ஊருக்கு வந்திருந்த எனக்கு, கையிலிருந்த உதவித்தொகையில் கட்டுப்படியானது அந்த வீட்டு மாடியறை ஒன்றுதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர் ஒரு மாதம் தங்கலாம். அதற்குள் ஒருநாள் வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் சமைத்துப் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஐவரும் கை தூக்கினால் அறை நமக்கு. இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் வேறு இடம் தேட வேண்டியதுதான். ஊரில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட நான் டீ போட்டுக் கொடுத்ததில்லை. இங்கே ஐந்து டச்சுக்காரர்கள் தட்டோடு உட்காரப் போகிறார்கள்.

எனக்குத் தெரிந்தது குக்கர் ஃபிரைடு ரைஸ் ஒன்றுதான். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் கடாயை டங்கு டங்கென்று தட்டி ஃபிரைடு ரைஸ் போடுவார்கள். வண்டியருகே நின்று சாப்பிட எனக்கு அனுமதி கிடையாது. அத்தா பார்சல் வாங்கி வருவார். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் தினமும் நச்சரிக்கவே, அம்மா அந்த ஃபிரைடு ரைஸைக் குக்கருக்குள் இறக்கிவிட்டாள். இஞ்சி, பூண்டு, கோஸ், கேரட் எல்லாவற்றையும் குக்கரிலேயே வதக்கி, அரிசியைப் போட்டு, சோயா சாஸும் மிளகுத்தூளும் தண்ணீரும் சேர்த்து மூடினால் ஒரே விசில். திறந்தால் பிரியாணிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கும். அதை நான் வழித்து வழித்துச் சாப்பிடுவேன். அதில் என் பங்கு விசில் எண்ணுவது மட்டும். அம்மா வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டே, "எத்தன விசிலு ஆச்சு?" என்று குரல் கொடுப்பாள். நான் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வேன். எங்கள் வீட்டுச் சமையல் முழுக்கக் காதால் நடந்தது.

வீட்டிலிருந்த இரண்டு குக்கரில் ஒன்றை அம்மா துணிகளுக்கு நடுவே வைத்து என்னோடு அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் மூடி இருக்கிறது, காஸ்கெட் இருக்கிறது, அரிசி அளக்க எவர்சில்வர் டம்ளர்கூட இருக்கிறது. வெயிட் இல்லை. பதறிப்போய்ப் போன் போட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆணியில தொங்குது புள்ள. ஈரத்தோட வச்சா கறுத்துப் போகுமேன்னு கழுவி மாட்டுனேன்."

"இப்ப நான் என்னம்மா செய்ய?"

"வெயிட்டு இல்லாமயே மூடி வையி. ஆவி போனாப் போகுது, அரிசி வெந்துரும்."

"எப்ப அணைக்க?"

முப்பது வருடம் சமைத்தவள் நெடுநேரம் யோசித்தாள். "விசிலு வந்தாத்தான புள்ள தெரியும்" என்றாள்.

பக்கத்து அறை அன்னெகே வந்து, நாளைய சாப்பாடு எவ்வளவு நேரம் வேகும் என்று கேட்டாள். ஒரு விசில் என்றேன். நிமிடக் கணக்கில் எவ்வளவு என்றாள். தெரியாது என்றேன். "ஓ, குடும்ப ரகசியமா?" என்று மரியாதையாகக் குரலைத் தாழ்த்திவிட்டு நகர்ந்தாள்.

வழி சொன்னது அத்தாதான். ஏலக்காய் வியாபாரத்தையே போனில் முடிக்கிறவர் அவர். "அவ அங்கன வைக்கட்டும், நீ இங்கன வையி. ஒரே அளவு, ஒரே நேரம். இங்கன விசிலு அடிச்சா அங்கன அணைச்சுர வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

ஞாயிறு இங்கே மதியம் பன்னிரண்டு, அங்கே மூன்றரை. இருப்பதிலேயே மலிவான அரிசி, சந்தை முடியும் நேரத்தில் அள்ளிக் கொடுத்த கோஸ், கெட்யாப் என்று இவர்கள் சொல்லும் இனிப்புச் சோயா சாஸ். இரண்டு ஊரிலும் மூன்று மூன்று டம்ளர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அத்தா ஒன்று இரண்டு மூன்று சொல்ல, இரண்டு நாட்டிலும் மூடி விழுந்தது. ஐந்து பேரும் போனைச் சுற்றி நின்றார்கள். நடுவில் லைன் அறுந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி போட்டால், "இன்னும் அடிக்கல, உஸ்ஸு உஸ்ஸுங்குது" என்றார் அத்தா. அடுத்த நிமிடம் உத்தமபாளையம் அலறியது. டச்சுக்காரர்கள் ஐவரும் கோல் விழுந்ததுபோல் கத்தினார்கள்.

"யாரு புள்ள அங்கன கத்துறாக?"

"இந்த வீட்டுல இருக்கவங்கம்மா."

"பசியோட நிக்கிறாகளா? மொதல்ல அடுப்ப அணை."

பத்து நிமிடம் கழித்துத் திறந்தேன். எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாக ஃபிரைடு ரைஸ் பொலபொலவென்று உதிரியாக வந்திருந்தது. இதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. "லெக்கர்" என்றார்கள், ருசியாக இருக்கிறதாம். ஐந்து கைகளும் உயர்ந்ததைப் பார்த்து எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தும்விட்டேன். உத்தமபாளையத்தில் இரண்டு பேருக்கு மூன்று டம்ளர் அரிசி வெந்திருந்ததால், நாலு மணிக்குத் தெருவே ஃபிரைடு ரைஸ் தின்றது. அடுத்த வாரமும் உண்டா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்களாம்.

அந்த ஐவரில் யோஸ்ட் என்பவன் கணக்குப் புலி. எனக்குத் தெரியாமல் முட்டையை முப்பதில் முறுக்கி வைத்திருந்தானாம். விசில் அடித்தபோது பத்தொன்பது மிச்சம். "பதினொரு நிமிடம்" என்று சீட்டில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டினான். "இனி உன் அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறும் போன் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறும்.

மறுவருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கிளம்புகிற அன்று அம்மா ஞாபகமாக வெயிட்டைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். வெயிட் வந்துவிட்டால் விசில் நெதர்லாந்திலேயே அடித்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஊரில் யார் அடுப்புப் பற்ற வைப்பார்கள்? வந்து சேர்ந்ததும் போன் செய்தேன்.

"வெயிட்டு பத்திரமா வந்துச்சா?"

"மறந்துட்டேன்மா."

"ஆணியில தொங்குறத நேத்தே பாத்துட்டேன்" என்றாள். "சரி, ஞாயித்துக்கெழம எத்தன டம்ளரு?"

அந்தச் சீட்டு இன்னும் அடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. ஞாயிறுதோறும் யோஸ்ட் முட்டையை முறுக்குகிறான், அது பதினொன்றாவது நிமிடம் கிர்ரென்று கத்துகிறது. நான் அடுப்பை அணைக்காமல், உத்தமபாளையத்தில் விசில் அடிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.