பேண்டேஜ் துணிக்குள் கும்பிடுபூச்சிகள்

அந்தச் செருப்பு அட்டைப்பெட்டியின் வாயில் கட்டியிருந்தது, அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து வந்த பேண்டேஜ் துணி. கண்கண்ணாக நெய்த துணி. உள்ளே இருந்த கும்பிடுபூச்சிகள் மங்கலாகத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில், எங்கள் கொல்லை முருங்கையில் பிடித்தவை. பெரிய பச்சைக்கு ‘அம்மா’ என்று பெயர் வைத்திருந்தேன். என் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சிறியவற்றில் ஒன்றுக்கு என் பெயர். எந்நேரமும் கைகூப்பி நிற்கிற பூச்சி சைவமாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். முருங்கை இலையாகப் பறித்துப் போட்டேன். ஓர் இலைகூடக் கடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து சித்தி வந்தார், அப்பாவின் இரண்டாம் மனைவியாக. அப்பாவின் அக்கா, என் அத்தை, என்னைத் தனியே இழுத்து, “ஏலே, அவ எதத் தந்தாலும் மோந்து பாத்துத் தின்னு” என்றார். அப்படியே செய்தேன். சித்தி கோபப்படவில்லை. “நல்லா மோந்து பாருய்யா. உப்பு கூடியிருந்தா சொல்லு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

பூச்சிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கயிற்று முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அவிழ்த்துவிட்டு அதேபோலக் கட்டுகிற கை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பெயர் வைத்திருந்த பூச்சியும் காணாமல் போன காலையில், சித்தி பெட்டிமேல் குனிந்து நிற்பதைப் பார்த்துக் கத்தினேன். அப்பா ஓடிவந்தார்.

“நீ எடுத்தியா?”

சித்தி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாந்தான் தெறந்து விட்டேன். பாவம், அடைஞ்சு கெடந்துச்சுக.”

“பாத்தியாலே, நாஞ் சொல்லல?” என்றார் அத்தை.

மிச்சமிருந்த ‘அம்மா’வையும் சித்தியே கொண்டுபோய் மரத்தில் விட்டார். அதற்குப்பின் அவர் சமைத்ததைத் தின்று வளர்ந்தேன். சித்தி என்று ஒருநாளும் வாய்விட்டு அழைத்ததில்லை.

போன மாதம் என் மகள் மீன்தொட்டியில் கும்பிடுபூச்சிகளை ஒன்றாக விட்டு வைத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற தகப்பன் நான். பிள்ளையைக் கடித்துவிடுமோ என்று எட்டிப் பார்த்தேன். பெரியது சிறியதைக் கைகளுக்குள் இடுக்கி, தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். சித்தி அன்று குனிந்து பார்த்தது இதைத்தானோ? ‘உன்னை உன் அம்மாதான் தின்றாள்’ என்று ஒரு மாற்றாந்தாய் எந்த வாயால் சொல்வாள்?

அப்பா போனபின் சித்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

“தெறந்துதான்யா விட்டேன். எம்புட்டு வருசமாச்சு, இன்னுமா அதையே பிடிச்சுக்கிட்டிருக்க?”

நிஜமா, எனக்காக இன்னும் சொல்லும் பொய்யா? அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிபடவில்லை.

“சித்தி” என்றேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.