சேகரின் ஆபரேஷன்

இன்று அல்சூர் டாக்டரம்மா அறையில் இருந்தது நான்கு பேர்: டாக்டரம்மா, என் மகன் சேகர், மருமகள் விமலா, நான். சேகரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இன்னொருத்தன் ஏமாறக் கூடாது.

ஆண்குறியைப் பெரிதாக்குகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, போன வருஷம் சேகர் வீட்டில் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டான். அன்றிலிருந்து வலி.

"வயித்துக் கொழுப்பை எடுத்து ஊசியில ஏத்தியிருக்காங்க. அது கட்டியாயிடுச்சு, எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா நீளமா தெரியணும்னு உள்ளே தாங்கிப் பிடிக்கிற நாரை வெட்டியிருக்காங்க. அதைப் பழையபடி ஆக்க முடியாது."

பிறகு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் சீட்டைப் புரட்டினார். "ஆபரேஷனுக்கு முன்னாடி அளவு எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் போலத்தான் இருந்திருக்கு. சின்னதுன்னு யாருப்பா சொன்னது?"

"சத்தியமா நான் சொல்லலைங்க," என்று விமலா அழுதாள்.

சேகர் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கல்யாணத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறப்ப மாமாதான் சொன்னாரு. 'இதை வெச்சுக்கிட்டாடா கல்யாணம் பண்ணிக்கப் போறே?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தாய்மாமன் கேலி செய்வது முறைதானே என்று, வெளியே சீயக்காயோடு நின்ற நானும் சிரித்தேன். ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம்.

ஆட்டோவில் வரும்போது மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் இந்த முறை இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். இதைப் படிப்பவர்களில் என் தம்பியும் ஒருவன். நன்றாகப் படிக்கட்டும். கூடப்பிறந்தவன் என்றாலும் நான் மன்னிக்க மாட்டேன், மாணிக்கத்தை.