சுல்தானுக்குக் கூடாரம் அடித்த துர்முஷ்

சுல்தானின் தலைநகருக்கு எதிர்க்கரையான உஸ்குதாரில் துர்முஷைத் தெரியாதவர்கள் குறைவு. சுல்தான் எந்தப் போருக்குக் கிளம்பினாலும், அவருடைய சிவப்புக் கூடாரத்தை அடிக்கிற ஆட்களுக்குத் துர்முஷ்தான் மேஸ்திரி. பாக்தாத் பக்கத்து மணலில் முளை அடித்திருக்கிறார், தன்யூப் கரைச் சேற்றிலும் அடித்திருக்கிறார். சுல்தானின் தாடி கறுப்பாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அது முழுக்க நரைத்து, குதிரை ஏற முடியாமல் சுல்தான் வண்டியில் போன கடைசிப் போருக்கும் கூடவே போனார். மூன்று கண்டங்களை நடுங்க வைத்த மனிதர் வலியில் முனகுவதைத் துணிச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

அந்தப் போருக்குத் துர்முஷின் தங்கை ஷெஹ்ரியின் கணவன் கேவானும் காலாட்படையில் வந்திருந்தான். ஹங்கேரியில் ஒரு கோட்டையை வளைத்துக் கோடை முழுக்கக் கிடந்தார்கள். மதில் அசையவில்லை.

ஒரு விடியலில் தலைமை மந்திரியின் ஆள் துர்முஷை உள்ளே கூப்பிட்டான். சுல்தான் கட்டிலில் கிடந்தார். முகத்தை மூடியிருந்தார்கள்.

"உள்ளறைத் திரையைத் தைச்சு மூடு. படைக்குத் தெரிஞ்சா கலைஞ்சுடும். வெளிய மூச்சு விட்டா உன் தலை தங்காது. புது சுல்தான் வர்ற வரைக்கும் இவரு உயிரோடதான் இருக்காரு. புரியுதா?" என்றான் அந்த ஆள்.

"புரியுதுங்க ஐயா."

தைத்து முடித்து வெளியே வந்தால், எதிரே கேவான். கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்தான். இன்றைக்குப் பின்வரிசையில் நில் என்று தளபதியே சொல்லியிருந்தார்.

"என்ன மச்சான், ராத்திரி தூங்கலையா? செத்த கோழி மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தான். "பெரியவரு இன்னிக்குச் சண்டையைப் பார்ப்பாரா?"

பக்கத்தில் காவலாளிகள் நின்றார்கள்.

"பார்ப்பாரு" என்றார் துர்முஷ்.

"அப்ப நான் முன்னாடி போறேன். அவரு பார்க்கறப்ப பின்னாடி நின்னா, உங்க தங்கச்சியே என்னைச் சேர்க்க மாட்டா."

அன்றே கோட்டை விழுந்தது. உள்ளே வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் முன்வரிசையில் போனவர்கள் மண்ணோடு மண்ணானார்கள். கேவானின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஷெஹ்ரி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவரு முன்னாடி போனதை சுல்தான் பார்த்தாராண்ணே?"

"பார்த்தாரு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நடமாடினாள். ஆனால் காப்பிக்கடைகளில் சிப்பாய்களின் வாயை யார் கட்ட முடியும்? குளிர்காலம் முடிவதற்குள் விஷயம் அவள் காதுக்கு வந்துவிட்டது. நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கோட்டை விழுந்த அன்னிக்கு சுல்தான் உயிரோடவே இல்லையாமே. நீ உள்ளதான இருந்த?"

துர்முஷ் அவள் உட்கார ஒரு திண்டை நகர்த்திப் போட்டார்.

"என்கிட்ட மறைச்சது போகட்டும். என் புருஷன்கிட்ட என்ன சொன்ன?"

"பார்ப்பாருன்னு சொன்னேன்."

"தூங்குறாருன்னு சொல்லியிருந்தா உன் தலையா போயிருக்கும்?"

கேட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

புதிய சுல்தான் போருக்குப் போகிறவர் அல்ல. கூடாரம் கிடங்கில் மடிந்து கிடந்தது. துர்முஷ் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். பெருநாள்களில் ஷெஹ்ரி பக்கத்து வீட்டுக்காரி கையில் ஒரு கிண்ணம் சூப் கொடுத்தனுப்புவாள், தான் வரமாட்டாள். அவர் கிண்ணத்தைக் கழுவி எடுத்துப்போய் அவள் வாசல்படியில் வைப்பார். உள்ளே அவள் நடமாடும் சத்தம் கேட்கும். கதவைத் தட்டக் கை எழும். தட்டாமலே திரும்பிவிடுவார்.