யாரும் வர வேண்டாம் என்றார் ஒலிபெருக்கி

எங்கள் நகரத்தில் மேயரின் குரலை அடையாளம் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியின் குரல் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பும். வேனின் கூரையில் இரண்டு கூம்புக் குழாய்களைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் அறிவிப்பது அவர் தொழில். தண்ணீர் வராத நாள், மின்சாரம் நிற்கும் நேரம், காணாமல் போன நாய், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ஊருக்கு வந்திருக்கும் சர்க்கஸ் என எதுவானாலும் அவர் வாயால் சொன்னால்தான் எங்களுக்கு அது நடந்ததாகக் கணக்கு. ஒலிபெருக்கி என்பது ஊர் வைத்த பெயர்; பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வாக்காளர் பட்டியலில் அது யாரும் தொடாமல் பத்திரமாக இருக்கிறது.

மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, டெஸ்டிங்" என்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி. வேன் நின்றதும் கதவைத் திறந்து படியில் ஏறி நிற்பார். இடது கையை மேலே உயர்த்துவார். தெரு அடங்கும்வரை ஒரு வார்த்தை வராது. பட்டறையில் சுத்தியல் நிற்கும். முடிதிருத்துபவர் வாடிக்கையாளரின் கழுத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டு வாசலுக்கு வருவார். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டி பாதி வாக்கியத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் விட்டோம் என்று மனதில் குறித்துக்கொண்டு, அறிவிப்பு முடிந்ததும் அதே இடத்திலிருந்து தொடர்வார்கள். இந்த மரியாதை எந்த மந்திரிக்கும் இங்கே கிடைத்ததில்லை.

அடைமொழி சேர்ப்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் கை தாராளம். "நாளை தண்ணீர் வராது" என்று எழுதிக் கொடுத்தால், "சொட்டுக்கூட, பேருக்குக்கூட, கண்ணில் காட்டுவதற்குக்கூட வராது" என்பார். சர்க்கஸுக்கும் சேலைக்கும் கூவிக் கூவிப் பழகிய வாய். வெறும் செய்தி அதில் தங்காது.

இவ்வளவு பெரிய வாய்க்கு வீட்டில் வேலையே இல்லை. மனைவி இஸ்திரிக் கடை நடத்துகிறார். பெட்டி சூடாகும் நேரத்தில் ஊர்க்கதை முழுவதையும் தேய்த்து மடித்து வைத்துவிடுவார். கணவர் வாயைத் திறந்தால், ஊருக்கு உழைத்தது போதும், வீட்டில் காதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். வேன் ஓட்டுவது மனைவியின் தம்பி. ஆக, மைக் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாமியார் வீட்டார் கையில்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில்தான் திமிங்கிலம் வந்தது.

காலையில் கடல்நீர் ஏறும் ஓதத்தோடு ஆற்றுக்குள் வந்த அது, தண்ணீர் வடிந்ததும் இரும்புப் பாலத்துக்கு அருகே மணல் திட்டில் மாட்டிக்கொண்டது. ஆற்றைத் தூர் வாராததால்தான் மாட்டியது என்று எதிர்க்கட்சிக்காரர் அறிக்கை விட்டார். தூர் வாரியதால்தான் திமிங்கிலமே வந்தது என்று ஆளுங்கட்சிக்காரர் பதில் அறிக்கை விட்டார். இருவரையும் திமிங்கிலம் பொருட்படுத்தவில்லை. கடல் உயிர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஈரத் துணிகளை அதன் முதுகில் போர்த்திக்கொண்டிருந்தார். மாலையில் ஓதம் ஏறும்போது அது மிதக்கும், படகுகளைப் பின்னால் விட்டு மெதுவாகக் கடல் பக்கம் தள்ளிவிடலாம், ஆனால் சத்தம் கேட்டால் மிரண்டு திரும்பி மணலிலேயே மோதிக்கொள்ளும், ஆகவே கூட்டம் கூடக் கூடாது என்று அவர் மாநகராட்சி அதிகாரியிடம் சொல்லியிருந்தார்.

அதிகாரி ஒலிபெருக்கியைக் கூப்பிட்டு ஒரு வரியைக் கையில் கொடுத்தார். ஆற்றில் திமிங்கிலம் மாட்டியிருப்பதால் பொதுமக்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம். அவ்வளவுதான். ஒலிபெருக்கிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தள்ளுபடிக்கும் தொலைந்த நாய்க்கும் கத்திய தொண்டைக்கு முதன்முதலாக ஓர் உயிரைக் காக்கும் வேலை. மச்சானிடம் வண்டியை ஒரு சந்து விடாமல் விடச் சொன்னார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! மலை போன்ற, கப்பல் போன்ற, கண்கொள்ளாக் காட்சியான திமிங்கிலம் நமது ஆற்றில், இரும்புப் பாலத்துக்கு மிக அருகில், இன்று மாலை வரை மட்டுமே! தயவுசெய்து யாரும் பார்க்க வர வேண்டாம்!"

அதுவரை விஷயமே தெரியாத தெருக்கள் எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பின.

அவர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது இரு கரையிலும் பாலத்திலும் ஊரே நின்றது. மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். பலூன்காரர் வந்திருந்தார். ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டு, போட்டோவில் இதைவிடப் பெரிதாக இருந்ததே என்று குறைபட்டுக்கொண்டார். திமிங்கிலம் வாலை அசைத்தால் கைதட்டினார்கள். கை வலித்தவர்கள் இரும்புப் பாலத்தைக் காலால் தட்டினார்கள். அந்த அதிர்வு தண்ணீருக்குள் இறங்கியதும் அது துள்ளி இன்னும் மேலே மணலில் ஏறியது. முதுகில் தோல் கிழிந்து தண்ணீரில் சிவப்பு படர்ந்தது.

அதிகாரி வேனுக்கு ஓடி வந்தார். "ஊரைக் கூட்டிட்டு வந்தது நீங்கதான். அது செத்துச்சுன்னா உங்க வாய்தான் கொன்னுச்சுன்னு எல்லாரும் பேசுவாங்க. நானே பேசுவேன்" என்றார்.

ஒலிபெருக்கி பதறிப்போய்த் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். மைக்கைப் பிடித்து, இரண்டு குழாயும் கிழிய "அமைதி!" என்று கத்தினார். திமிங்கிலம் தண்ணீரைக் கரைவரை அடித்தது. கூட்டம் ஆரவாரித்தது. தண்ணீரில் நின்ற மருத்துவர் அவரைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் கூப்பினார்.

"மாமா, உங்களை நிறுத்தச் சொல்லி நிறையப் பேர் திட்டியிருக்காங்க. கும்பிட்டது இந்தம்மாதான்" என்றார் மச்சான்.

ஒலிபெருக்கி சிரிக்கவில்லை. மைக்கின் ஒயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் எல்லாம் சோறு போட்ட குரல், போயும் போயும் ஒரு வாயில்லா ஜீவனின் உயிரை வாங்கப் போகிறது. நாளை எந்தத் தெருவில் போய்க் கையை உயர்த்துவது?

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் மனைவி வந்து சேர்ந்தார். கடையைப் பூட்டிய சாவி கையில்.

"நீ எதுக்கு வந்தே? யாரும் வர வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"நீங்க சொன்ன அழகுக்கு வராம இருக்க முடியுமா?" என்ற அம்மையார், கணவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாருங்க. நீங்க சொன்னதை இந்த ஊரு என்னிக்குக் கேட்டிருக்கு? நீங்க சொல்லப் போறீங்கன்னாத்தான் வாயை மூடும். சொன்னதும் மறுபடி ஆரம்பிச்சிடும்."

இதை அவர் குத்தலாகத்தான் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் சாதிக்கிறார். ஆனால் ஒலிபெருக்கி எழுந்துவிட்டார்.

வேனைப் பாலத்தின் முகப்பில், இரு கரைக்கும் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கூரையில் ஏறினார். ஒயர் இல்லாத மைக்கை வாயருகே பிடித்தார். இடது கையை உயர்த்தினார்.

முன்னால் நின்றவர்கள் பழக்க தோஷத்தில் வாயை மூடினார்கள். ஏதோ சொல்லப் போகிறார் என்று பின்னால் இருந்தவர்களை அடக்கினார்கள். அடக்கப்பட்டவர்கள் தங்களுக்குப் பின்னால் நின்றவர்களை முறைத்தார்கள். இந்தக் கரை அடங்கியதைப் பார்த்து, நமக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்ற பொறாமையில் அந்தக் கரையும் அடங்கியது. பாலத்தில் கால்கள் நின்றன.

ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கொஞ்சம் நெளியும். உடனே மூச்சை இழுத்து, மார்பை உயர்த்தி, உதட்டைப் பிரிப்பார். இதோ வருகிறது என்று ஊர் மறுபடி காதைத் தீட்டும். உதடு மூடிக்கொள்ளும். தன் வாழ்நாளிலேயே மிக நீளமான அறிவிப்பை அவர் ஒரு சொல்லும் இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தார். கை வலித்து நடுங்கத் தொடங்கியபோது, மச்சான் கூரையில் தவழ்ந்து வந்து பின்னால் குந்தி முழங்கையைத் தாங்கிக்கொண்டார். யாருடைய கைபேசியோ பாடியது. ஊரே பார்த்த பார்வையில் அந்த மனிதர் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை குனிந்தே இருந்தார்.

தண்ணீர் ஏறியது. பாலத்தின் தூண்களில் பாசி படிந்த கோடு மெல்ல மறைந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஈரமான, நீளமான, களைத்த ஒரு மூச்சு. இத்தனை கூச்சலில் யார் காதிலும் விழாமல் அது மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு யாரையும் யாரும் அடக்க வேண்டியிருக்கவில்லை. தோளில் இருந்த பிள்ளைகளைக்கூட மெதுவாக இறக்கிவிட்டார்கள்.

அது புரண்டு மிதந்தது. படகுகள் துடுப்புப் போட்டுப் பின்னால் போயின. பாலத்துக்கு அடியில் அந்தக் கரிய முதுகு நழுவிப் போனபோது, மேலே நின்ற அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் தட்டவில்லை. வளைவைத் தாண்டி வால் மறையும்வரை அந்த இடது கை இறங்கவில்லை.

இறங்கியபோதும் ஊர் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் பலூன்காரர்தான் கேட்டார். "அண்ணே, என்னமோ சொல்ல வந்தீங்களே?"

ஒலிபெருக்கி கூரையிலிருந்து இறங்கினார். "அவ்வளவுதான். பார்த்துப் போங்க" என்றார். மைக் இல்லாத அந்தச் சின்னக் குரல் எங்களில் பலர் கேட்டேயிராதது. மருத்துவர் கரையேறி, சொட்டச் சொட்ட வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோள் வலியில் ஒலிபெருக்கியின் முகம் கோணியதை மருத்துவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மனைவி தன் முந்தானையால் அந்தத் தோளைத் துடைத்துவிட்டு, வீட்டில் தைலம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த அம்மையாரின் அகராதியில் அது புகழுரை. அன்று இரவு கடை வாசலில் கணவர் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவும் விட்டார். அவர் வாயில் திமிங்கிலம் கப்பலைவிட நீளமாகிவிட்டது. திருத்த எங்களில் யாரும் முன்வரவில்லை.

மறுநாள் காலை அதிகாரி இன்னொரு வரி கொடுத்தனுப்பினார். திமிங்கிலம் கடலுக்குச் சென்றுவிட்டது, பொதுமக்கள் ஆற்றுப் பக்கம் வரத் தேவையில்லை. ஒலிபெருக்கி தைலம் மணக்கும் இடது கையை உயர்த்தி, இந்த முறை ஓர் அடைமொழிகூடச் சேர்க்காமல் அப்படியே வாசித்தார்.

கேட்டதும் நாங்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவருக்கு அது போன வழியை விரலால் காட்டினோம். யாரும் சத்தம் போடவில்லை.